வரிசையின் முதல் படம்

இந்த நிகழ்ச்சிகள் தொடங்குவதற்கு முன் எனக்கிருந்த நிலையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஊட்டியில் ஒரு கல்லூரியில் வரலாற்றுத் துறைத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வுக்குப் பின் குன்னூரில் குடியேறியதும் எங்கள் மலையின் ஓவியக் கழகத்துக்குப் போட்டியின்றித் தலைவரானேன். பிறகு ஒவ்வொரு தேர்தலிலும் அப்படியே ஆனேன். நூலகத்தில் ஜன்னலோரமாக எனக்கென்று ஒரு நாற்காலி இருந்தது. வேறொருவர் அதில் அமர்ந்திருந்தால் என்னைக் கண்டதும் எழுந்துகொள்வார். நான் யாரையும் எழச் சொன்னதில்லை. என் மனைவி ஒரு பெண்கள் பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருந்தவள். அவளுடைய நீர்வண்ண ஓவியங்கள் இரு மருத்துவர்களின் காத்திருப்பு அறைகளிலும் ஒரு வங்கி மேலாளரின் அறையிலும் தொங்கின. அவற்றைக் குறைத்து எவரும் பேசி நான் கேட்டதில்லை.

தற்புகழ்ச்சிக்காக இதை எழுதவில்லை. ஒருவரால் எனக்கு எது போயிற்று என்பது விளங்க வேண்டுமானால், முன்பு என்ன இருந்தது என்பது தெரிந்திருக்க வேண்டும். போனது என் பெயரும் என் மனைவியின் ஒரு படமும்.

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. குன்னூரில் அவரைப் பெயர் சொல்லி அழைத்தவர்களும் குறைவு. தேயிலை ஏல நிறுவனம் ஒன்றில் வாழ்நாள் முழுவதும் தேநீரைச் சுவைத்துத் தரம் சொல்லும் வேலை பார்த்தவர். ஆகவே எல்லோருக்கும் அவர் ‘டேஸ்டர்’. அந்த வேலையோடு, சென்னையிலும் தில்லியிலும் வெளியாகும் ஆங்கிலக் கலை இதழ்களில் ஓவிய விமர்சனமும் எழுதினார். ஓர் ஓவியரை அவர் பாராட்டினால் நகரத்துக் கூடங்கள் அந்த ஓவியரைத் தேடி வரும் என்று சொல்வார்கள். திருமணம் செய்துகொள்ளாதவர். உயரமானவர், கோடையிலும் கம்பளிச் சட்டையைக் கழற்றமாட்டார். பிறர் வீட்டில் தேநீர் கொடுத்தால் மறுத்துவிட்டு வெந்நீர் கேட்பார்.

அவரைப் பற்றி ஒன்றே ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் இதைச் சொல்வேன்: அவர் காரணம் சொல்லமாட்டார்.

அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை நேரில் பார்த்திருக்கிறேன். ஒருமுறை தம் நிறுவனத்தின் சுவைக்கூடத்துக்கு என்னை அழைத்துப் போனார். வடக்கு வெளிச்சம் மட்டும் விழும்படி அமைந்த பெரிய கண்ணாடி ஜன்னல்கள். அவற்றின் கீழே நீண்ட மேசை. மேசைமேல் வரிசையாக வெள்ளைக் கிண்ணங்கள். ஒவ்வொரு கிண்ணத்திலும் ஒவ்வொரு தோட்டத்தின் தேநீர். கரண்டியால் மொண்டு காற்றோடு சேர்த்து உறிஞ்சினார். பழைய வேட்டியைக் கிழிப்பது போன்ற ஓசை எழுந்தது. வாய்க்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, கூடவே நகர்ந்து வந்த சக்கரத் தொட்டியில் துப்பினார். ஒரு சொல் சொன்னார். அடுத்த கிண்ணத்துக்குப் போனார். பின்னால் வந்த எழுத்தர் அந்தச் சொல்லைக் குறித்துக்கொண்டார். ஒரு தோட்டத்தின் ஒரு வார உழைப்பு முழுவதும் அந்த ஒரு சொல்லில் விலையேறும் அல்லது இறங்கும். எவரும் ஏன் என்று கேட்கவில்லை.

வரிசையின் தொடக்கத்தில் ஒரு கிண்ணம் மற்றவற்றிலிருந்து சற்றே விலகித் தனியாக இருந்தது. ஒவ்வொரு வரிசையைத் தொடங்கும்போதும் முதலில் அதைத்தான் உறிஞ்சினார்.

“அது என்னங்க?” என்றேன்.

“ஸ்டாண்டர்ட்” என்றார்.

அதற்குமேல் நான் கேட்கவில்லை. அவையில் யாருக்கு முதல் இருக்கை என்பதை வைத்து ஓர் அரசின் அடுக்கைக் கண்டுகொள்வது என் துறையின் வழக்கம். முன்னால் வைக்கப்படுவது முதன்மையானது என்பதில் எனக்கு ஐயம் எழவில்லை. நான் கோபிப் பக்கத்து வேளாண் குடும்பத்தில் பிறந்தவன். மலையில் இத்தனை ஆண்டுகள் வாழ்ந்தும் தேயிலையை அருந்தியதோடு சரி, அந்தத் தொழிலுக்குள் எட்டிப் பார்த்ததில்லை.

எங்கள் கழகம் ஆண்டுதோறும் கோடை சீசனில் ஓவியக் கண்காட்சி நடத்தும். படங்களைத் தேர்ந்தெடுப்பதில் வேண்டியவர், வேண்டாதவர் பார்க்கிறோம் என்று ஒரு முணுமுணுப்பு எழுந்தபோது, அவரையே தேர்வாளராக அழைக்கலாம் என்று சொன்னவன் நான்தான். கழகத்தின் செயலாளர் கோத்தகிரியில் சிறிய தேயிலைத் தொழிற்சாலை வைத்திருக்கும் படகர் இனத்தவர், நயமானவர். அவர் மட்டும் தயங்கினார்.

“சார், அந்தாளு நாக்குக்கு நான் முப்பது வருசமா பயந்துக்கிட்டு இருக்கேன். இங்கயும் கூட்டிட்டு வரணுமா?”

“நேர்மையானவர்தானே?”

“நேர்மைக்கு என்ன சார். கத்தியும் நேர்மையானதுதான்.”

டேஸ்டர் வந்தார். சுவைக்கூடத்தின் முறையை அப்படியே கண்காட்சி மண்டபத்துக்குக் கொண்டுவந்தார். பெயர்ச்சீட்டுகள் எல்லாம் காகிதம் ஒட்டி மறைக்கப்பட்டன. படங்கள் சுவரோரம் வரிசையாகச் சாய்த்து வைக்கப்பட்டன. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். “ஃபிளாட்.” “தண்ணி.” “கருகல்.” “பிரைட்.” தேயிலைக்குச் சொல்லும் அதே சொற்களில், ‘பிரைட்’ மட்டும் தேர்வு, மற்றவை தள்ளுபடி. செயலாளர் பின்னாலேயே குறித்துக்கொண்டு போனார். நூற்றுக்கு மேற்பட்ட படங்களை ஒரு தேநீர் ஆறும் நேரத்தில் முடித்துவிட்டார்.

அந்த ஆண்டு அவர் ‘தண்ணி’ என்று தள்ளிய படம் ஓர் உயர் அதிகாரியின் மனைவி வரைந்தது. மண்டபத்தைக் கழகத்துக்கு இலவசமாகக் கொடுத்ததே அந்த அதிகாரிதான். காகிதத்தை உரித்ததும் செயலாளர் முகம் வெளுத்தது. நான் டேஸ்டரைத் தனியே அழைத்துப் போய், “ஒரு காரணம் சொல்லுங்க. அம்மாவுக்குப் பக்குவமா எடுத்துச் சொல்லிக்கறேன்” என்றேன்.

“தண்ணின்னேனே.”

“அதை அவங்ககிட்ட எப்படிச் சொல்றது?”

“அப்ப சொல்லாதீங்க. பெரிய எடத்து வீட்டுக்காரிக்கு ஒரு மாதிரியும் கண்டக்டர் மகளுக்கு ஒரு மாதிரியும் காரணம் தேட ஆரம்பிச்சா, அப்புறம் நான் எதுக்குங்க?”

படம் திருப்பி அனுப்பப்பட்டது. அதிகாரியின் வீட்டுக்குப் போய் நின்றவன் நான். மறு ஆண்டிலிருந்து மண்டபத்துக்கு வாடகை கொடுத்தோம். ஆனால் அன்று அவர்மேல் எனக்கு ஏற்பட்ட மதிப்பை மறைக்கமாட்டேன். பதவிக்குத் தலை வணங்காத ஒருவரை நான் வரலாற்றில் படித்ததுதான் மிகுதி, நேரில் கண்டது குறைவு.

அவருடைய கண் தவறியதென்றும் சொல்லமாட்டேன். சேரம்பாடியிலிருந்து ஒருவர் படம் கொண்டுவந்தார். இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பம், தேயிலைத் தோட்டத்தில் மேற்பார்வை வேலை, நடுவயது. மழைக்கு மூடிய நீல நிறத் தார்ப்பாய்களும் அவற்றின் கீழே குடியிருப்பு வரிசையும் தவிர அதில் ஒன்றுமில்லை. வீட்டில் மாட்ட முடியாத படம் என்பது குழுவின் கருத்தாக இருந்தது. டேஸ்டர் அதன்முன் வழக்கத்தைவிட நீண்ட நேரம் நின்றார். “பிரைட்” என்றார். சென்னையிலிருந்து ஒரு கூடத்தார் வந்து அதை வாங்கிப் போனார்கள். உள்ளூர்ச் செய்தித்தாளில் நிழற்படம் வந்தது. எல்லோரும் அந்தப் படத்தைப் பற்றிப் பேசினார்கள்.

அடுத்த ஆண்டும் அந்தச் சேரம்பாடிக்காரர் ஒரு படம் கொண்டுவந்தார். பெயர் மறைத்திருந்தாலும் நீலத் தார்ப்பாயை யாருக்கும் தெரியும்.

“ஃபிளாட்.”

சேரம்பாடிக்காரர் வாசலில் காத்திருந்தார். “ஐயா, போன தடவ எதுக்கு எடுத்தீங்க, இந்தத் தடவ எதுக்கு வேணாங்கிறீங்கன்னு சொன்னாப் போதும். எங்க லயத்து வீடுகள்ல கேக்கறதுக்கு ஆளில்ல. தெரிஞ்சா அடுத்தத வரஞ்சிடுவேன்” என்றார்.

“கொண்டாங்க. பாத்துச் சொல்றேன்.”

“என்னத்தச் சொல்லுவீங்க?”

“நல்லாருக்கா இல்லையான்னு.”

“அது என் பொஞ்சாதியே சொல்லுவாளே ஐயா.”

செயலாளர் சிரித்துவிட்டார். டேஸ்டரும் சிரித்தார். ஆனால் சொல்லவில்லை. திரும்பி நடக்கும்போது என்னிடம், “எல்லாருக்கும் புடிச்சுப் போச்சுல்ல. இனிமே அவன் அந்த எல்லாருக்காகத்தான் வரைவான்” என்றார். சேரம்பாடிக்காரர் பிறகு வரவில்லை.

ஒன்றை இரண்டாவது மனிதர் ரசிக்கத் தொடங்கியதும் அவர் அதை விட்டு விலகிவிடுவார். குன்னூர்ச் சந்தைக்குப் பின்புறம் ஒரு சிறிய அடுமனையில் வர்க்கி வாங்கிவந்து எங்களுக்கு அறிமுகம் செய்தவர் அவரே. நாங்களும் வாங்கப் போகிறோம் என்று தெரிந்ததும், “வெண்ணெயை மாத்திட்டான்” என்றார். அடுமனைக்காரர் எதையும் மாற்றவில்லை, நானே விசாரித்தேன். பூங்கா வாசலில் பொம்மை ரயிலை வரைந்து விற்பவர்களைப் பற்றி ஒரு சொல்கூடச் செலவழிக்கமாட்டார், மூக்கைத் தேய்த்துக்கொள்வார். பெரும்பான்மைக்கு நாக்கு கிடையாது என்பதை அவர் வாயால் சொன்னதில்லை. சொல்லத் தேவையில்லாதபடி நின்றார். எங்களையும், குறிப்பாக என்னையும், அந்தப் பெரும்பான்மைக்கு வெளியே தம் பக்கத்தில் நிறுத்தியிருப்பதாக நான் எண்ணினேன். அந்த எண்ணம் எனக்கு இனித்தது.

இனி என் மனைவியின் அந்தப் படம். தேர்வாளராக வந்த முதல் ஆண்டிலேயே, தேர்வுக்கு முந்தைய ஞாயிறு, எங்கள் வீட்டில் பகலுணவுக்கு வந்திருந்தார். உணவறைச் சுவரில் என் மனைவி வரைந்த கேத்திப் பள்ளத்தாக்கு தொங்கியது. பனி, சில வீடுகள், தேயிலைச் சரிவு, தூரத்தில் நீலம். அவள் வரைந்தவற்றிலேயே எனக்கு மிகவும் உகந்தது. ரசம் சாதத்தின் நடுவே நிமிர்ந்து அதைப் பார்த்தார்.

“இதைக் குடுங்க ப்ரொபசர். வரிசைக்கு முன்னாடி வைக்கணும்.”

“முன்னாடின்னா?”

“ஸ்டாண்டர்டா.”

என் கையில் இருந்த கவளம் அப்படியே நின்றது. என் மனைவி கரண்டியோடு அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, “அப்பளம் எடுத்துட்டு வரேன்” என்று உள்ளே போனாள். அவளுடைய அடக்கம் அது என்று எடுத்துக்கொண்டேன்.

அன்று முதல் ஒவ்வோர் ஆண்டும் அந்தப் படம் மற்றவற்றிலிருந்து சற்று விலகி வரிசையின் தொடக்கத்தில் நின்றது. அவர் முதலில் அதைப் பார்ப்பார், பிறகு நடப்பார். தேர்வு முடிந்ததும் அதை மண்டபத்தின் நுழைவாயிலில் மாட்டச் செய்தவன் நான். திறப்பு விழா உரையில் இந்த முறையை விளக்கினேன்: இந்த நாட்டின் மிகக் கண்டிப்பான ஒரு கண், மற்ற ஓவியங்களை அளக்க இந்த ஓவியத்தை அளவுகோலாகக் கொண்டிருக்கிறது என்று. ஆட்சியர் வந்த ஆண்டும் சொன்னேன். கர்நாடகத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் ஓவியர்கள் வந்த ஆண்டும் சொன்னேன். ‘அளவுகோல் ஓவியம்’ என்று அழைப்பிதழில் ஒரு வரி அச்சிடவும் ஏற்பாடு செய்தேன்.

செயலாளர் அழைப்பிதழின் மாதிரியோடு வந்து, “சார், அந்த வரி வேண்டாமே” என்றார்.

“ஏன்?”

அவர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இடம் பத்தலை சார்.”

“எழுத்தைச் சிறிதாக்குங்கள்” என்றேன். சிறிதாக்கினார்.

பெருந்தொற்று வந்து இரண்டு கோடைகளில் கண்காட்சி நின்றது. அந்தக் காய்ச்சல் அவரையும் பிடித்தது. பிழைத்தார், ஆனால் மூக்கும் நாக்கும் போயின. ஏல நிறுவனத்தார் மரியாதையோடு அனுப்பிவைத்தார்கள். அதுவரை எப்போதாவது வந்தவர், அதன்பின் ஞாயிறுதோறும் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒரு வாய் எடுத்து வைத்துவிட்டு என் மனைவியைப் பார்ப்பார்.

“உப்பு எப்படி இருக்கு மேடம்?”

“அளவா இருக்குதுங்க. புளிதான் ஒரு கை தூக்கல்.”

“எந்த எடத்துல தெரியுது?”

“முழுங்கும்போது. மொதல்ல தெரியலை.”

“ம். சொல்லுங்க, இன்னும் சொல்லுங்க.”

அவள் சொல்வாள். கொத்தமல்லி வாடியிருந்தது, பருப்பு ஒரு கொதி குறைவு என்று ஒவ்வொன்றாகச் சொல்வாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு மெல்லுவார். எவரிடமும் காரணம் கேட்காத, சொல்லாத மனிதர், ஒரு புளிக்குழம்புக்கு அவ்வளவு காரணம் கேட்டதைப் பார்க்க எனக்கு இரக்கமாகத்தான் இருந்தது. உணவுக்குப் பின் எனக்குச் சற்றுத் தூங்கும் பழக்கம் உண்டு. அவர்கள் இருவரும் பின்னறையில் அவளுடைய படங்களை எடுத்து வைத்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். அந்தப் பேச்சின் ஓசை கேட்கும், சொற்கள் கேட்கா. ஒரு பெரிய விமர்சகர் என் மனைவியின் படங்களுக்காக மணிக்கணக்கில் அமர்ந்திருக்கிறார் என்ற நிறைவோடு தூங்கினேன்.

கண்காட்சி மீண்டும் தொடங்கியது. படம் மீண்டும் வரிசையின் தொடக்கத்தில் நின்றது. நான் மீண்டும் பேசினேன். அதற்கடுத்த மழைக்காலத்தில் ஒரு நாள் செயலாளர் நூலகத்துக்கு வந்து என் நாற்காலியருகே நின்றார். கையில் தில்லி இதழ் ஒன்று.

“சார், இது என் மகன் பெங்களூர்லேர்ந்து அனுப்பினான். வேற யாராவது காட்டறதுக்கு முன்னாடி நானே குடுத்துடலாம்னு வந்தேன்.”

மலைநகரங்களின் ரசனையைப் பற்றி டேஸ்டர் எழுதிய கட்டுரை. எட்டுப் பக்கம். எங்களுக்கு ஒரு சொல்லுக்குமேல் கொடுத்தறியாதவர், பார்த்தறியாதவர்களுக்கு எட்டுப் பக்கம் கொடுத்திருந்தார். காரணங்கள் எல்லாம் அதில் இருந்தன. மலையில் ஓவியம் என்றால் சுற்றுலாப் பயணி எடுத்துப் போகும் பனிதான் என்றும், அந்தப் பனிக்குப் பின்னால் ஓவியர் எதையும் பார்க்க வேண்டிய கட்டாயமில்லை என்றும் எழுதியிருந்தார். பிறகு தம் தேர்வு முறையை விளக்கியிருந்தார். ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவரின் மனைவி வரைந்த, பிழையில்லாத, உயிருமில்லாத ஒரு நீர்வண்ணப் படத்தை வரிசையின் முன் வைத்தாராம். அதைவிட மேலாக இல்லாத எதையும் சுவரேற விடவில்லையாம். கணவர் மகிழ்ந்துபோய் அந்தப் படத்தையே வாயிலில் மாட்டிவிட்டதால், கண்காட்சியில் தேர்வாகாமலே ஆண்டுதோறும் தொங்கிய ஒரே படம் அதுதானாம்.

பெயர் எழுதவில்லை. எழுத வேண்டிய தேவையும் இல்லை.

படித்து முடித்து நிமிர்ந்தேன். செயலாளர் இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

“உங்களுக்குத் தெரியுமா?” என்றேன்.

“தேயிலைக்காரனுக்குத் தெரியாம இருக்குமா சார். மொதக் கப்பு கீழ் மட்டம். அதுக்குக் கீழ போனா வாங்கமாட்டாங்க. சின்னப் பசங்களுக்கே தெரியும்.”

“மண்டபத்தில் பாதிப்பேர் தேயிலைக்காரர்கள்.”

“ஆமா சார்.”

“நான் பேசும்போது?”

“கீழ பாத்துக்குவோம் சார்.”

அழைப்பிதழில் இடம் ஏன் போதவில்லை என்பதை அப்போது விளங்கிக்கொண்டேன். செயலாளரைக் கோபிக்க எனக்கு வழியில்லை. என்னை மதித்ததால்தான் வாய் திறக்கவில்லை என்றார். ஒரு மண்டபம் நிறைய மதிப்பு அப்படித்தான் என்னைச் சூழ்ந்து நின்றிருக்கிறது.

மறுநாளே டேஸ்டரின் வீட்டுக்குப் போனேன். கதவு திறந்தே இருந்தது.

“வாங்க ப்ரொபசர். வெந்நீர் குடிக்கிறீங்களா?”

இதழை மேசைமேல் வைத்தேன். அதைப் பார்த்தார், எடுக்கவில்லை.

“ஸ்டாண்டர்ட்னு சொன்னீங்க” என்றேன்.

“ஸ்டாண்டர்ட்தான். நல்ல ஸ்டாண்டர்ட். அந்த மாதிரி ஒண்ணு கெடைக்கறது கஷ்டங்க. ரொம்ப மோசமா இருந்தாலும் உதவாது, ரொம்ப நல்லாருந்தாலும் உதவாது. எப்பப் பாத்தாலும் ஒரே மாதிரி இருக்கணும். உங்க வீட்டுப் படம் அப்படி இருந்தது.”

“எங்க வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு அதைச் சொன்னீங்க.”

“சாப்பாடு வேற, படம் வேற.”

“நான் ஒவ்வொரு வருசமும் மேடையில் என்ன பேசினேன் என்று கேட்டுக்கொண்டு முன்வரிசையில் இருந்தீங்க. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.”

“நீங்க கேக்கலையே.”

“தில்லி இதழில் எழுத மட்டும் தெரிந்ததல்லவா?”

“அது டெல்லிக்காரங்களுக்குங்க. இங்க யாரு அதைப் படிக்கப் போறாங்க.”

“நான் படிப்பேன்” என்றேன்.

அவர் என்னை நேராகப் பார்த்தார். “ஆமா. நீங்க படிப்பீங்க. அதை நினைக்கலை” என்றார்.

என் எழுத்தை, என் பட்டங்களை, நாங்கள் சேர்ந்து நடந்த நடைகளை எல்லாம் கடந்து, அவருடைய கணக்கில் நான் எங்கே நின்றேன் என்பது அந்தச் சொல்லில் இருந்தது. எழுந்தேன். கதவருகே போனபோது பின்னாலிருந்து சொன்னார்:

“கேட்டவங்களுக்குச் சொல்லாம இருந்ததில்லை ப்ரொபசர். மேடம் மொத வருசமே கேட்டாங்க. சொல்லிட்டேன்.”

வீட்டுக்கு நடந்தே வந்தேன். என் மனைவி பின்னறையில் தட்டில் வண்ணம் கரைத்துக்கொண்டிருந்தாள். நான் கேட்டதும் தூரிகையை நீரில் அலசி, துணியில் துடைத்து, மேசைமேல் வைத்துவிட்டுத்தான் பதில் சொன்னாள்.

“தெரியுங்க. அப்பளம் எடுக்கப் போனேன்ல, அன்னிக்கே சந்தேகம். சாயங்காலம் கேட் வரைக்கும் போயிக் கேட்டேன். கீழ் மட்டமுங்களா, மேல் மட்டமுங்களான்னு. கீழ் மட்டம்னாரு.”

“நீ என்ன சொன்னாய்?”

“ஏனுங்கன்னு கேட்டேன். சொன்னாரு.”

“அவர் யாருக்கும் காரணம் சொன்னதில்லை.”

“எனக்குச் சொன்னாருங்க. பனியப் போட்டு மூடிக்கறேன், எங்க வரையத் தெரியலையோ அங்கெல்லாம் பனி வந்துருதுன்னாரு. வேற எடத்துல சரிவு சரிவாவே இல்லை, துணி காயப் போட்ட மாதிரி இருக்குதுன்னாரு. பாத்தேன். ஆமாங்க, அப்படித்தான் இருந்துச்சு.”

“என்னிடம் ஏன் சொல்லவில்லை?”

“சொல்லலாம்னு இருந்தேன். நீங்க மேடையில பேசிட்டு ஊடு வர்ற வரைக்கும் கைய வீசிக்கிட்டு நடந்தீங்க. அப்பறம் அடுத்த வருசம் வந்துருச்சு. அப்பறம் சொல்றதுக்கே எடமில்லாமப் போச்சு.”

“உன்னை ஊரே சிரிக்க விட்டிருக்கிறாய்.”

“என்னைப் பாத்துச் சிரிக்கலைங்க” என்றாள். சொன்ன பிறகுதான் அதன் கூர்மை அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். தட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள். “கல்யாணம் ஆனதுலேர்ந்து எந்தப் படத்தைக் காட்டினாலும் நல்லாருக்குன்னீங்க. எது நல்லாருக்குன்னு ஒரு நாளும் சொன்னதில்லை. அவருகிட்டயாவது கேட்டுக்கலாம்னு நினைச்சேன்” என்றாள்.

நல்லதாக இருந்ததால் நல்லது என்றேன். அதற்குச் சான்று தேட வேண்டுமென்று எனக்குத் தோன்றியதில்லை, இன்றும் தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் தூங்கிக்கொண்டிருந்த அந்த நேரங்களில், என் கூரையின் கீழ், என் மனைவி தன் படங்களை ஒவ்வொன்றாகக் கீழ் மட்டத்துக்குக் கொடுத்துவிட்டு அதற்கு ஈடாகக் காரணங்களை வாங்கிக்கொண்டிருக்கிறாள். அவரோ அவளிடமிருந்து உப்பையும் புளியையும் வாங்கிக்கொண்டிருக்கிறார். என்னிடம் இருவரும் எதையும் கேட்கவில்லை.

அவர் பிறகு எங்கள் வீட்டுக்கு வரவில்லை. வரவேண்டாம் என்று நானும் சொல்லவில்லை. அடுத்த ஆண்டு மழை பிடிப்பதற்குள் இறந்துவிட்டார். இரங்கல் கூட்டம் எங்கள் மண்டபத்திலேயே நடந்தது. சேரம்பாடிக்காரர் வந்திருந்தார், கடைசி வரிசையில் அமர்ந்திருந்தார். கூட்டத்தில் பேசியவர்கள் டேஸ்டருடைய சமரசமில்லாத ரசனையைப் புகழ்ந்தார்கள். நினைவு மலருக்கு என்னிடம் கட்டுரை கேட்டார்கள். மறுத்தேன். நான் எழுதாததால் பிறர் எழுதினார்கள், எழுதாதவர்கள் பேசினார்கள். அவற்றுள் சிலவற்றை மட்டும் திருத்துகிறேன்.

கட்டுரை வந்த கோபத்தில் தலைவர் பதவியை நான் உதறினேன் என்பது தவறு. பதவிக்காலம் முடிந்தது, மறுபடி நிற்கவில்லை.

கேத்திப் பள்ளத்தாக்கை நான் வெளியே வீசினேன் என்று ஒருவர் மலரில் எழுதியிருக்கிறார். அது உணவறையில், எப்போதும் இருந்த ஆணியில் இருக்கிறது. அதைக் கழற்ற வேண்டுமென்று என் மனைவி இரண்டொரு முறை சொன்னாள். நான் இசையவில்லை.

அவருடைய எழுத்தால் மனம் ஒடிந்து என் மனைவி ஓவியத்தை விட்டுவிட்டாள் என்பது எல்லோரும் சொல்வது. ஒரு மேடையில் அவளுக்காக இரக்கப்பட்டும் பேசினார்கள். அது உண்மையன்று. முன்னைவிட மிகுதியாக வரைகிறாள். சமையல் முடிந்ததும் பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். மாலையில் கையில் வண்ணத்தோடு வெளியே வருகிறாள். என்ன வரைகிறாள் என்று எனக்குத் தெரியாது. காட்டுவதில்லை.